டொக்டர் சொன்னதில் நான் சொல்லாதது

உங்களில் எத்தனை பேர் பத்து வயதில் ஒரு ஆண் டொக்டருக்கு முன்னால் இருந்துகொண்டு அம்மாவின் மாதவிடாயைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறீர்கள்? கையைத் தூக்கவேண்டாம். எனக்குத் தெரியும், கிட்டத்தட்ட எல்லாரும்தான். இந்த நகரத்துக்குச் சின்ன வயதில் வந்து சேர்ந்த நாங்கள்தான் எங்கள் வீடுகளின் வாய். வெல்ஃபெயர் கடிதம், குடிவரவு ஒஃபிஸ், ரெலிபோன் கொம்பனியோடு சண்டை எல்லாம் எங்கள் தலையில். பாடசாலையில் ரீச்சர் "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள்" என்று முறைப்பாடு சொன்னால், "இங்கிலீஷ் நல்லாக் கதைக்கிறனாம்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துப் பாராட்டு வாங்கியிருக்கிறோம். இப்போது வெள்ளெழுத்துக் கண்ணாடியும் பிரஷர் குளிசையுமாகக் கலியாண வீடுகளில் சந்திக்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சிரிக்கிறேன். என்னிடம் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஒன்றில், பதினாலாம் மாடியில் ஒரு அறை வீடு. அம்மா, அப்பா, நான். லிஃப்றுக்குள் ஏறினால் எந்த மாடியில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். அம்மா விடியவே சீஸ் பக்கற் பண்ணும் தொழிற்சாலைக்குப் போவார். அப்பா பின்னேரம் ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவப் போவார். இரண்டு பேருக்கும் நான் ஒரே பிள்ளை. அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் அக்கா வந்தாள். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். அவளுக்குப் பதினைந்து வயது. பெரியம்மா யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். மகளை மட்டும் எப்படியோ அனுப்பிவைத்தார். விமான நிலையத்தில் அவளைக் கண்டவுடன் அம்மா அழுத அழுகை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன் செய்து படுத்தபோதுகூட அம்மா அப்படி அழவில்லை.

அவள் மெலிந்தவள். கழுத்து நீளம். தலைமயிர் இடுப்புக்குக் கீழே. என்னுடைய தலைமயிரை அம்மா "ஆருக்கு நேரம்" என்று காதுக்குக் கீழே கத்தரித்துவிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது அதே அம்மா, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு, அக்காவைக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருத்தி எண்ணெய் வைத்துப் பின்னினார். நேரம் எங்கிருந்தோ வந்துவிட்டது. நான் சோஃபாவில் இருந்து ரீவியைப் பார்ப்பதுபோல் அந்தச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே இருந்து கீழே வர அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது!

பிறகு அந்தக் கோட். கடும் சிவப்பு, தொப்பியைச் சுற்றி மயிர் வைத்தது, உள்ளே வழுவழு என்று துணி. எனக்கு வருடா வருடம் தேவாலயத்தில் கொடுக்கும் பையில் இருந்துதான் கோட் வரும், யாருடையதோ மணத்தோடு. அக்காவுக்குக் கடையில், புதிதாக. "அந்தப் பிள்ளை இந்தக் குளிரைக் கண்டதே?" என்றார் அம்மா. நானும் ஒருகாலம் காணாதவள்தான். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அக்காவுக்கு வலிப்பு இருந்தது. வந்து மூன்றாம் கிழமை குசினியில் விழுந்தாள். கையில் இருந்த அளக்கும் சுண்டு நிலத்தில் உருண்டு அரிசி எங்கும் சிதறியது. அம்மாவுக்கு முதலே தெரிந்திருக்கவேண்டும், அவர் பதறவில்லை, பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒரு கட்டளை வந்தது: "வெளியிலை மூச்சு விடக்கூடாது. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை உதொரு கதையா வரும்." பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்போதே கலியாணம் பேசினார்கள் எங்கள் ஆட்கள்.

டொக்டரிடம் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். நான் நடுக் கதிரையில். அந்தக் கதிரை என்றால் எனக்கு உயிர். அங்கே இருக்கும்போது மட்டும் பெரியவர்கள் இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். டொக்டர் வயதானவர், ஆறுதலாகக் கதைப்பவர். காலையில் ஒன்று, இரவு ஒன்று, கட்டாயம் சாப்பாட்டோடு போடவேண்டும், வெறும் வயிற்றில் பிரட்டும் என்றார். சொன்னேன். முதலில் கொஞ்சம் நித்திரை வரும் என்றார். சொன்னேன். பிறகு அவர் கதிரையை அக்காவின் பக்கம் திருப்பினார். இந்த மருந்து சிலருக்குப் பசியைக் கூட்டும், உடம்பு வைக்கும், அது அவளுடைய பிழை இல்லை, அப்படி வந்தால் தானாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஆபத்து, என்னிடம் வாருங்கள், வேறு மருந்து பார்க்கலாம் என்றார். கடைசியாக, "உன் அக்கா மிகவும் தைரியமான பிள்ளை. அதை அவளுக்குச் சொல்லு" என்றார்.

அக்கா அந்தப் பெரிய கண்களால் என்னைப் பார்த்தாள். "என்னவாம் தங்கச்சி?"

"அவ்வளவுதான். போகட்டாம்."

தைரியம் என்ற சொல்லை என் வாயால் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை விழுங்கும்போது அதற்கு முன்னால் சொன்னதும் சேர்ந்து உள்ளே போய்விட்டது, பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே எனக்கு எல்லாம் நினைவு இருந்தது. அம்மா இரண்டு தடவை "வேறை ஒண்டும் சொல்லேல்லையே?" என்று கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன்.

மார்கழி வரமுன்னமே அக்காவின் கன்னம் நிரம்பத் தொடங்கியது. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டாம் மாடி அன்ரி வந்து, "நாட்டு வாடல் போய்ப் பிள்ளை தெளிஞ்சிட்டுது" என்று அக்காவின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். அம்மாவுக்குப் பெருமை. தன் சமையல்தான் காரணம் என்று நினைத்தார். எனக்கு எரிந்தது. மெலிவாக இருந்தாலும் வடிவு, கொழுத்தாலும் வடிவு, இவளை என்னதான் செய்வது?

தை மாதம் கதை மாறியது. பாவாடை இடுப்பில் ஏறவில்லை. முகம் வட்டமாகி, கழுத்து மறைந்து, நடக்கும்போது மூச்சு வாங்கியது. அதே அன்ரி அம்மாவைக் குசினிக்குள் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

"கோவிக்காதை. உவளிட்டை கேட்டுப் பாத்தனியே, கடைசியா எப்ப குளிச்சவள் எண்டு?"

அன்றைக்கு அம்மா அக்காவைக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினார். உள்ளே அக்கா அழுதாள். பிறகு அம்மாவும் அழுதார். வெளியே வந்தபோது அம்மாவின் முகத்தில் ஆறுதல் இருந்தது. வயிற்றில் பிள்ளை இல்லை என்றால் அடுத்த காரணம் ஒன்றுதானே. வாய்.

அதிலிருந்து வீட்டில் எண்ணத் தொடங்கினார்கள். பாணில் எத்தனை துண்டு, சட்டியில் எத்தனை பொரியல். கோபமாக இல்லை, அதுதான் மோசம். "பிள்ளை, கொஞ்சம் வாயைக் கட்டு" என்று அன்பாகச் சொன்னார் அம்மா. அலுமாரிக்குள் இருந்த ரின்பால் பாதிக்கு மேல் குறைந்திருந்த நாளில் மட்டும் குரல் உயர்ந்தது. அந்த ரின்பாலை நான்தான் கரண்டியால் வழித்துத் தின்றிருந்தேன், பாடசாலையால் வந்ததும், மூன்று நாள் தொடர்ந்து. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈர்க்குப்போல் இருக்கும் பிள்ளை எப்படித் தின்னும்? அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நான் எடுக்கேல்லை சித்தி" என்று ஒரு தடவைதான் சொன்னாள்.

கோட்டின் சிப் மூடவில்லை. இழுத்துப் பார்த்து, மூச்சை அடக்கிப் பார்த்து, கடைசியில் அம்மா அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இந்தா, நீ போடு. அடுத்த வருஷமும் போடலாம்." அக்காவுக்கு அப்பாவின் பழைய ஜக்கற். நான் கை நீளத்தை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். அந்த மயிர்த் தொப்பி கன்னத்தில் பட்ட சுகத்தை இப்போதும் சொல்லலாம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு விலை கூடிய கோட்டுகள் வாங்கியிருக்கிறேன். ஒன்றும் அப்படி இருக்கவில்லை.

இப்போது தலை பின்னும் நேரமும் குறைந்துவிட்டது. அம்மா களைத்திருந்தார். விருந்தாளிகள் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "உவள்தான் எங்கட வீட்டு லோயர்" என்றார் அப்பா. எல்லாம் திரும்பி என் இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தால் எல்லாம் திரும்பிப் போய்விடும். இது எனக்கு அன்றைக்கே நன்றாக விளங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் கடைக்குப் போயிருந்தார்கள். வெளியே பனி கொட்டியது. அக்கா எங்கள் கடுதாசிகள் எல்லாம் வைக்கும் பிஸ்கற் ரின்னைத் திறந்து, பாமசியில் குளிசையோடு கொடுத்த துண்டைத் தேடி எடுத்தாள். நாலாக மடித்த வெள்ளைத் துண்டு, எறும்புபோல் எழுத்து. எனக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள்.

"தங்கச்சி, ஒரு உதவி. இதிலை என்ன போட்டிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுவியே?"

"ஏன்?"

"குளிசை தொடங்கின பிறகுதான் நான் இப்பிடி ஊதுறன் போல கிடக்கு. எனக்கு அடக்கேலாத பசி. வயித்துக்குள்ளை ஆரோ இருந்து கேக்கிற மாதிரி. முந்தி எனக்கு இப்பிடி இல்லை. ஒருவேளை உதாலையோ எண்டு."

நான் துண்டை வாங்கினேன். இரண்டாம் பக்கத்தில், நடுவில், தடித்த எழுத்தில் இருந்தது. உடம்பு வைத்தல், பசி கூடுதல், டொக்டரிடம் சொல்லவும். விரலை அதற்கு மேலால் ஓட்டி, நிற்பாட்டாமல், அடுத்த வரிக்குப் போனேன்.

"தலைசுத்தும். கை நடுங்கும். தலைமயிர் கொட்டுமாம்."

"உடம்பு வைக்கிறது?"

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"வடிவாப் பாத்தனியே?"

"பாத்தனான் அக்கா. இல்லை."

அவள் துண்டைத் திரும்ப வாங்கி, அதே மடிப்பில் மடித்தாள். "அப்ப நான்தான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாளில் இருந்து அவள் சாப்பாட்டை விட்டாள். காலையில் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் மூடி வைத்துவிட்டுப் போகும் முட்டைப் பொரியலை என் கோப்பைக்குத் தள்ளினாள். "நீ சாப்பிடு, வளருற பிள்ளை." இரவில் அப்பா வேலையில், அம்மா சோஃபாவில் தூங்கிவிழும் நேரம், அவளுடைய புட்டும் எனக்குத்தான் வந்தது. நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். அவள் தண்ணீர் குடித்தாள். குளிசையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதை இங்கே ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. உண்மையில் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கும் ஒரு யோசனை வந்தது. "லிஃப்றிலை ஏறாதை பிள்ளை. படியாலை நட. ரெண்டு மாசத்திலை இறங்கும்." சனிக்கிழமைகளில் பதினாலு மாடியும் ஏறி இறங்கவேண்டும். அவள் ஏமாற்றாமல் இருக்க நான் காவல். அந்தப் படிக்கட்டில் சிகரெற் மணமும் ஈரச் சீமெந்து மணமும் இருக்கும். ஒவ்வொரு மாடியிலும் இலக்கத்தை நான் சத்தமாகச் சொல்வேன், எக்ஸர்சைஸ் வகுப்பு ரீச்சர் மாதிரி. சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் ஏறுவேன், அவள் பார்க்கவேண்டும் என்று.

மூன்றாவது சனிக்கிழமை, மத்தியானம், "ஒன்பது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அக்கா நாலைந்து படி கீழே நின்றாள். கம்பியைப் பிடித்திருந்த கையைத் தானே ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு முகம் ஒரு பக்கம் இழுத்தது. நான் இறங்க முதல் பின்பக்கமாக விழுந்தாள். எட்டரை மாடித் திருப்பத்தில் தலை சீமெந்தில் அடித்த சத்தம் அந்தப் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கீழே போனபோது உடம்பு துடித்துக்கொண்டிருந்தது. புருவத்துக்கு மேலே இருந்து இரத்தம் காதுக்குள் ஓடியது.

அம்மா குசினியில் செய்ததை ஞாபகப்படுத்திப் பக்கவாட்டில் திருப்பினேன். கோட்டைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்தேன். எந்தக் கதவைத் தட்டினேன், யார் திறந்தார் என்று தெரியாது. ஒரு பெண் ரெலிபோனை என் கையில் தந்தார். மறுமுனையில், என்ன மருந்து எடுக்கிறாள் என்று கேட்டார்கள். நான் அந்தக் குளிசையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. துண்டில் அத்தனையும் வாசித்து வைத்திருந்தவள் அல்லவா?

ஆஸ்பத்திரியில் புருவத்தில் ஏழு தையல். தலைக்குள் காயம் ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மாவுக்கு அதுதான் கேட்கவேண்டியிருந்தது. இரண்டாம் நாள் ஒரு இளம் பெண் டொக்டர் வந்தார். அவரோடு கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தமிழ் அன்ரி. ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் வழக்கம்போல் நடுவில் போய் நின்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "நீர் அங்காலை இரும் செல்லம். உமக்கு இனி உந்தக் கரைச்சல் வேண்டாம்" என்றார். என் கதிரை போய்விட்டது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் சொன்னார். இரத்தத்தில் மருந்து இல்லையாம், ஏன் என்று டொக்டர் கேட்கிறா.

அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள். "சாப்பாட்டோடைதானே போடச் சொன்னவை? நான் சாப்பிடேல்லை. அதாலை போடேல்லை."

அன்ரி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கச் சற்று நேரம் எடுத்தது. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். அக்கா போர்வையால் தன் கையை மூடிக்கொண்டு, "நான் கொழுத்திட்டன்" என்றாள்.

அன்ரி அடுத்த கேள்வியை அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இந்தக் குளிசை உடம்பு வைக்கப் பண்ணும், பசியைக் கூட்டும். முதல் நாளே டொக்டர் உங்களுக்கு இதைச் சொன்னவரோ எண்டு கேக்கிறா."

"ஐயோ, இல்லை" என்றார் அம்மா. "அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை." சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு காலமாக நான் ஆசைப்பட்ட பார்வை!

"சொன்னவர்" என்றாள் அக்கா.

அம்மா கட்டில் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி எனக்குச் சொன்னவ சித்தி. துண்டையும் வாசிச்சுக் காட்டினவ. நான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டனான். வெக்கமா இருந்தது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "விசர்ப் பெட்டை! வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்!" என்று ஏசிக்கொண்டே அவளைக் கட்டிப் பிடித்தார். தையல் போட்ட பக்கம் படாமல், தலையை நெஞ்சோடு வைத்து, நெடுநேரம். அக்காவின் கண் அம்மாவின் தோளுக்கு மேலால் என்னில் ஒரு கணம் பட்டு, ஜன்னலுக்குப் போய்விட்டது. நான் மறைத்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

எனக்கு அந்த நேரம் நன்றி வந்திருக்கவேண்டும். வெட்கமாவது வந்திருக்கவேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான் வந்தது. கோட்டை எடுத்தேன், சாப்பாட்டை எடுத்தேன், அம்மாவின் நேரத்தை எடுத்தேன். இவள் இத்தனை வீங்கி, தலையில் கட்டோடு படுத்திருந்தும், நான் ஒருநாளும் செய்யமாட்டாத ஒன்றை எவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டாள்! அந்தப் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.

மருந்தை மாற்றினார்கள். அடுத்த கோடைக்குள் உடம்பு பாதி இறங்கியது, மீதி இறங்கவில்லை. இரத்தம் பட்ட கோட்டை அம்மா குப்பைக் குழாயில் போட்டார், பதினாலு மாடியும் அது இறங்கிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அக்கா இப்போது மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் இருக்கிறாள். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு வலிப்பைப் பற்றித் தானே நேரில் சொன்னாள், அம்மா எவ்வளவோ தடுத்தும். இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வருவாள். அம்மாவுக்கு எழுபத்தாறு. சாப்பிட இருக்கும்போது அந்தப் புருவத் தழும்பு கண்ணில் பட்டால் போதும், "உன்ரை வாய் அப்ப எங்கை போனது? உவள் சின்னப் பிள்ளை, சொல்லித்தானே இருக்கிறாள்" என்று தொடங்கிவிடுவார். முப்பது வருடமாக அதே ஏச்சு. அக்கா சிரித்துக்கொண்டே, "விசர்தான் சித்தி, என்ன செய்யிறது" என்பாள். என் பக்கம் திரும்பமாட்டாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று அதற்கும் அவளையே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் சுலபமாக வாசிப்பவர்கள். எனக்கும் எழுத அதுதான் சுகம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு, அகராதியையும் பக்கத்தில் வைத்து, இரண்டு மாதமாக இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அம்மா தமிழ் மட்டும்தான் வாசிப்பார். கண்ணாடியைப் போட்டு, வரிக்கு வரி விரலை வைத்து, வாய்க்குள் சொல்லிச் சொல்லி வாசிப்பார். வருகிற ஞாயிறு, அக்காவும் இருக்கும்போது, கையில் கொடுக்கப்போகிறேன். நடுவில் நின்று நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.